காசு கேக்காத பொட்டி

பட்டனை அமுக்காதீங்க, சோடா வராது. கரண்ட் இல்லீங்க. மேடைக்கும் சமையக்கட்டுக்கும் மட்டுந்தான் ஜெனரேட்டர் போட்டிருக்காங்க, இந்த நடைக்கெல்லாம் கிடையாது. அக்கட்ட டிரம்முல தண்ணி இருக்குது, மோந்து குடிச்சுட்டுப் போங்க.

ஏனுங் அப்படிப் பாக்கறீங்க? கையா? ஆமா, கை உள்ளதான் இருக்குது. என்ற கைதான். மிஷினும் என்றது, கையும் என்றது, நடுவால உங்களுக்கு என்ன வந்துச்சு?

செரி செரி, கோவிச்சுக்காதீங்க. ஒரு மனுசன் பட்டு வேட்டி கட்டிக்கிட்டு சோடாப் பொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் உட்டுட்டு நின்னா ஆரா இருந்தாலும் பாக்கத்தான் செய்வாங்க. மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஆரு பக்கம்? பொண்ணூடா, மாப்பிள்ளையூடா? வேன் டிரைவருங்களா? மாப்பிள்ளையூட்டு சனத்தைக் கூட்டியாந்தீங்களா? அப்பச் செரி. ரெண்டு பக்கமும் சேத்தியில்லை. இப்படி வாங்க, சித்தெ இக்கட்டத் தள்ளி நில்லுங்க. ஆங், அப்படித்தான். நீங்க நல்லா அகலமா இருக்கறீங்க, மண்டபத்துல இருந்து பாத்தா என்ற கை தெரியாது.

ஆரைக் கூப்பிடறீங்க? வேண்டாங்க! சத்தம் போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது. நாலு பேரு வந்து நிப்பான். அதுல ஒருத்தன் செல்லுல படம் புடிப்பான். பொண்ணோட தாய்மாமன் சோடாத் திருடப் போயி மாட்டிக்கிட்டான்னு நீங்க வேனை ஈரோட்டுக்குத் திருப்பறதுக்கு முன்னால அந்தப் பேச்சு அங்க போயிச் சேந்துரும்.

ஆமாங்க, தாய்மாமன் நாந்தான். கிட்டுசாமி. பொண்ணு யாழினி என்ற கூடப்பொறந்த அக்கா மகள். நம்பிக்கை இல்லைன்னா பத்திரிகையைப் பாருங்க, தாய்மாமன்னு போட்டு மொதப் பேரு என்றதுதான். ரெண்டாவது பேரு ரத்தினசாமி. அவன் சித்தப்பன் மகன், பேருக்கு ஒரு மாமன். எலையில ஊறுகா வெப்பாங்க பாருங்க, அந்த மாதிரி.

ஏனுங்க, மேடையில இப்ப என்ன நடக்குது? எட்டிப் பாத்துச் சொல்லுங்க. பொண்ணு வந்துருச்சா? இன்னும் இல்லையா? அதானே. எப்படி வரும்? மாமன் கையைப் புடிச்சுக் கூட்டியாந்து மேடையேத்தோணும், நெத்தியில பட்டங் கட்டோணும், அதுக்கப்பறந்தான் தாலி. மாமன் இங்க நிக்கறேன். நான் இல்லாம அங்க ஒரு மஞ்சக்கிழங்கு கூட நகராதுங்க.

கை வலிக்குதாவா? வலிக்காம? உள்ள ஒரு தகடு, அதுல பல்லு இருக்குதுங்க. ரம்பப் பல்லு மாதிரி, உள்பக்கமாச் சாஞ்சு நிக்கும். இழுத்தா இன்னும் புடிக்கும். இது அந்தக் காலத்து மிஷினு, ஒரு மில்லுக்காரங்க கிளப்புல சும்மா கிடந்துச்சு, தூக்கியாந்து பெயிண்டு அடிச்சு வெச்சிருக்கறேன். இதைச் செஞ்சவன் நெம்ப வெவரமான ஆளு. காசு போட்டாத் தகடு மேல ஏறும், பாட்டில் கீழ உருண்டு வரும், மறுபடி தகடு உழுந்துரும். எவனாச்சும் காசு போடாம வாய்க்குள்ள கையை உட்டான்னு வெய்யுங்க, தகடு கப்புனு புடிச்சுக்கும். திருட்டுக் கைக்குன்னே வெச்ச தகடு.

நான் திருடலைங்க! என்ற மிஷினுல நானே திருடுவனா?

ஒரு ரூவாக் காசா? உங்ககிட்ட இருக்குதா? நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா எங்க போடுவீங்க? ஓட்டையைத் தேடுங்க பாக்கலாம். தடவிப் பாருங்க. தெரியுதா? தெரியாது. அதுதானுங்க என்ற வேலை. தகரத்தை வெச்சுப் பத்தவெச்சு, லப்பம் பூசி, தேச்சு, மேல பெயிண்டு அடிச்சா நகம் கூட நொழையாது. கோயமுத்தூருல பழைய சோடா மிஷினைக் காசில்லாம ஓட வெக்கறதுக்கு என்னை உட்டா ஆளில்லை. இப்பெல்லாம் பணக்காரங்க ஊட்டு மொட்டைமாடியில, ஓட்டலு வாசல்ல எல்லாம் இதை அழகுக்கு வெக்கறாங்க. எல்லாத்துக்கும் காசு போடாமயே பாட்டில் வரோணும். நான் காசு வழியை அடைச்சுட்டு, அந்த எடத்துல ஒரு பட்டன், பட்டனுக்குப் பின்னால தகட்டை இழுக்கறதுக்குக் கரண்ட்ல ஒரு காந்தம். அமுக்கினாத் தகடு ஏறும். அவ்வளவுதான். என்ற மிஷினு கேக்கறவன் ஆரு எவருன்னு பாக்காது. ஒருக்கா அமுக்கினாப் போதும், குடுத்துரும்.

கரண்ட் இல்லைன்னா? ம். அதை யோசிக்கலைங்க. மொதல்ல இதைச் செஞ்சவன் கரண்டை நம்பாம காசோட எடையை நம்பியிருக்கான். அந்த வழியைத்தான் நான் அடைச்சுட்டனே.

சாவி இருக்குது. ஏன் இல்லாம? கதவைத் தொறந்தா உள்பக்கத்துல ஒரு கொக்கி, ஒரு விரல்ல தூக்கினாக் கை வந்துரும். சாவி என்ற சம்சாரத்துக்கிட்ட இருக்குது. சுலோசனா. மொத வரிசையில பச்சைப் பட்டு கட்டிக்கிட்டு எங்கக்காளுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பா. நீங்க போயி சாவி கேட்டா எதுக்குன்னு கேப்பா. அவ மொள்ளப் பேசத் தெரியாதவ. அவ கேட்டா மைக்கு இல்லாமயே கடேசி வரிசைக்குக் கேக்கும். வேண்டாம். கரண்ட் இப்ப வந்துரும். வந்தா அமுக்கிட்டு, கையை எடுத்துட்டு, துண்டைப் போட்டு மூடிக்கிட்டு ராசா மாதிரி மேடைக்குப் போயிருவேன்.

நேரம் இருக்குதுங்க. மூர்த்தம் பத்தரை வரைக்கும்.

எப்படி மாட்டுச்சா? அதைத்தானுங்க சொல்ல வர்றேன். எல்லாத்துக்கும் எங்க மச்சாந்தான் காரணம். அக்கா ஊட்டுக்காரரு, நாச்சிமுத்துன்னு பேரு, பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. காசுக்காரரு. இருக்கட்டும், எனக்கென்ன? இந்த மிஷினை யாழினிதான் கேட்டா. மாமா, என்ற கண்ணாலத்துக்கு உங்க சோடாப் பொட்டி ஒண்ணு கொண்டாந்து வெய்யுங்க மாமா, என்ற பிரண்ட்ஸெல்லாம் பட்டன் அமுக்கிப் பன்னீர் சோடா எடுக்கோணும்னா. அந்தப் புள்ளை கேட்டா நான் மலையவே பேத்துக் கொண்டாந்து வெப்பேன். எனக்குப் பொண்ணு இல்லீங்க. பையனும் இல்லை. பட்டங் கட்டறதுக்கு எனக்கு இந்த ஒரு நெத்திதான் இருக்குது.

நேத்துப் பொழுதோட நாலு பேரு புடிச்சு இதை எறக்கிக்கிட்டு இருக்கறோம். மாப்பிள்ளையோட பெரியப்பன் வந்து நிக்கறாரு. எங்க மச்சான் பக்கத்துல. இவரு ஆருங்கன்னு அந்தப் பெரியவரு கேக்கறாரு. எங்க மச்சான் என்ன சொன்னாரு தெரியுமா? இவருதான் சோடா மிஷின்காரருங்கன்னாரு. அவ்வளவுதான். சொல்லிப்போட்டு அந்தப் பக்கம் செல்லை எடுத்துப் பேசப் போயிட்டாரு. தாய்மாமன்னு ஒரு வார்த்தை வாயில வரலை. சோடா மிஷின்காரரு! அந்தப் பெரியவரு என்னைப் பாத்து, தம்பி நாளைக்கு வெளிய வெய்யில்ல வெச்சுறாத, உள்ள வெய்யின்னு சொல்லீட்டுப் போறாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க.

சும்மா வாய்தவறிச் சொன்னாரோ என்னமோ. சுலோசனா அப்படித்தான் சொன்னா. அந்த மனுசனுக்கு ஆயிரம் வேலை, உட்டுத்தொலைங்கன்னா. எப்படி உடறது? மாமன்னா மரியாதைங்க. பேசினவரு வந்து கூப்பிடோணும். மாப்ள, தப்பாப் போச்சு, வாங்கன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல நான் என்ன ராஜ்ஜியமா கேட்டேன்?

எனக்கு எப்பவும் ஒரு கணக்கு உண்டுங்க. மூணு தடவை கூப்பிட்டாத்தான் எந்திரிப்பேன். யாழினிக்குக் காது குத்தறப்ப மடியில வெச்சுக்கறதுக்கு நான் வேணும். பத்திரிகையை நேர்ல குடுக்காம தபால்ல உட்டுட்டாங்க. நான் கோயல் வாசல்லயே நின்னுக்கிட்டேன். எங்கக்கா அழுதுக்கிட்டே வந்து கூப்பிட்டா, அப்பறந்தான் போனேன். புள்ளை பெரிய மனுசியானப்ப, சீருக்கு, பந்தியில என்னை ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சுட்டாங்க. எலையை மடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். எங்கக்கா பஸ்ஸ்டாண்டு வரைக்கும் வந்தா, செருப்புக் கூடப் போடலை, அழுது அழுது மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. அதுதானுங்க மரியாதை. கூடப்பொறந்தவள்னா அப்படி இருக்கோணும். எம்மேல உசுரு அவளுக்கு.

இன்னைக்கும் அதேதான். மேடைக்குப் பக்கத்துல போகவே இல்லை நான். காத்தால இருந்து இந்த மிஷினுக்குப் பக்கத்துலயே நின்னேன். சோடா மிஷின்காரந்தானே? நிக்கறேன். வர்ற ஒரம்பரை சனத்துக்கெல்லாம் பட்டன் அமுக்கிப் பாட்டில் எடுத்துக் குடுத்தேன். எல்லாரும் பாக்கட்டும். பாத்துட்டுப் போயிச் சொல்லட்டும், தாய்மாமன் சோடா வித்துக்கிட்டு நிக்கறாருன்னு. அப்பவாச்சும் எங்க மச்சானுக்கு உறைக்குமான்னு பாத்தேன்.

மொதல்ல அக்கா பையன் சிபி வந்தான். பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை, நல்ல பையன். மாமா, வாங்க மாமா, நேரமாச்சு, அப்பா கூட்டியாரச் சொன்னாருன்னான். கூட்டியாரச் சொன்னாரா! ஏன், அவருக்குக் காலு இல்லையா? தூரத்துல அவன் வர்றதைப் பாத்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. சும்மா நின்னா என்னங்க சொல்றது? வேலையா இருக்கோணும். அதுனால இடது கையில பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, வலது கையை வாய்க்குள்ள உட்டு, என்னமோ ரிப்பேரு மாதிரி தடவிக்கிட்டு நின்னேன். கண்ணு, பாத்தாத் தெரியலையா, மாமன் வேலையா இருக்கறேன், உங்கப்பனுக்கு அவசரம்னா அவரை வரச் சொல்லுன்னேன். பையன் ஒரு நிமிசம் நின்னு பாத்தான். செரிங்க மாமான்னுட்டுப் போயிட்டான்.

அவன் முதுகைத் திருப்பினான், கரண்ட் போச்சு.

சிரிக்காதீங்க. ஏன் சிரிக்கறீங்க? கரண்ட் போறதுக்கு நானா காரணம்?

கப்புனு உழுந்துச்சு. கண்ணுல பொறி பறந்துருச்சுங்க. கத்தலாம்னு வாயைத் தொறந்தேன், அப்பறம் கத்தலை. சபைங்க. நல்ல காரியம் நடக்கற எடம்.

அப்பறம் அந்த ரத்தினசாமி வந்தான். ஊறுகா. அண்ணா, வாங்கண்ணா, நீங்க இல்லாம நான் எப்படிண்ணா பட்டங் கட்டறது, எனக்கு எதுவுந் தெரியாதுண்ணான்னு கையைப் பெசைஞ்சுக்கிட்டு நிக்கறான். கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சு அவனுக்கு. நடிப்புங்க. உள்ளுக்குள்ள ஆசைதான் இருக்கும். போடா, போயி உன்ற வேலையைப் பாரு, நான் எப்ப வரோணும்னு எனக்குத் தெரியும்னு தொரத்தி உட்டுட்டேன். அவங்கிட்டச் சொல்லியிருந்தாச் சாவி வந்திருக்கும்தான். அவங்கிட்டயா சொல்றது? என்னை என்னன்னு நெனைப்பான்?

ரெண்டு தடவை ஆச்சுங்களா? இன்னும் ஒண்ணு பாக்கி. இந்தத் தடவை மச்சானே வந்துருவாரு, பாருங்க. வந்தாத்தான் ஆகோணும். அவரு வந்து கூப்பிட்டுட்டா, அந்த நிமிசமே உங்களை சாவிக்கு அனுப்பிச்சுருவேன். மரியாதை கெடைச்சதுக்கு அப்பறம் கை மாட்டினா என்ன, காலு மாட்டினா என்ன? எல்லாருமாச் சேந்து சிரிச்சுட்டுப் போயிறலாம். மச்சான் மாப்பிள்ளைக்குள்ள சிரிப்புக்கு என்ன பஞ்சம்?

இருங்க. ஆரோ வர்றாங்க. மச்சானா? சீலை மாதிரி தெரியுதே.

எங்கக்காங்க. எங்கக்காளே வருது! பாத்தீங்களா? நான் சொல்லலை? முன்னால வந்து நில்லுங்க, கையை மறைங்க. துண்டை இந்தக் கை மேல இழுத்துப் போடுங்க. பேசாதீங்க.

வாக்கா. இவரா? இவரு வேன் டிரைவரு, சோடா கேட்டாரு, அதான் என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கறேன். தெரியுது, தெரியுது, நேரமாச்சு. நான் என்ன வரமாட்டேன்னா சொன்னேன்? மச்சான் எங்கே? ஓஹோ, அய்யருக்குப் பக்கத்துல உக்காந்துட்டாரா, எந்திரிக்க முடியாதா? செரி, இருக்கட்டும். நீ வந்துட்டியல்ல. நீ வந்தது எனக்குப் போதும்கா. இல்ல, இப்ப உடனே வர முடியாது. ஏன்னா? வேலையா இருக்கறேன். ஒரு பாட்டில் மாட்டிக்கிச்சு. இல்லக்கா, கோவம் எல்லாம் இல்லை. நெசமாத்தான் சொல்றேன். என்னது? வேர்த்துக் கொட்டுதா? வெய்யிலுக்கா. உடு, தொடைக்காத, சீலை வீணாப் போகுது.

அக்கா. இன்னொருக்கா கூப்பிடு. இல்ல, சும்மா சொன்னேன்.

செரிக்கா. செரி. நீ போ. நான் பின்னாலயே வர்றேன்.

போயிருச்சா? திரும்பிப் பாக்குதா? பாக்கலையா?

எங்கக்கா சொன்னதை நீங்களும் கேட்டீங்கல்ல? செரி சாமி, நீ வேலையைப் பாருன்னுட்டுப் போறா. அழுகலைங்க. கவனிச்சீங்களா? ஒரு சொட்டுக் கூட அழுகலை. நான் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். சீலையில என்ற நெத்தியைத் தொடைச்சு உட்டா, சிரிச்சா மாதிரி கூட இருந்துச்சு, போயிட்டா. எங்கக்கா என்னைக் கூப்பிட வந்து அழுகாமப் போனது இதுதாங்க மொதத் தடவை.

ஏன் சொல்லலையா? என்னன்னுங்க சொல்றது? கை மாட்டிக்கிச்சுன்னு சொன்னா, இத்தனை நேரம் கை மாட்டித்தான் நின்னேன்னு ஆயிரும். மரியாதைக்கு நின்னது அத்தனையும் வீணாப் போகும். வீம்புக்காரன்னு சொல்லட்டும், பரவால்லை, மாமன்னா வீம்பு இருக்கும்பாங்க. சோடாப் பொட்டியில கையை உட்டவன்னு பேரு வந்துச்சுன்னா என்ற காலத்துக்கும் போகாது. உங்களுக்குப் புரியாதுங்க. உங்க அக்கா தங்கச்சிக்குப் புள்ளைங்க இருக்குதா? இருக்குதா? அப்பப் புரியும்.

அவ திரும்பி வருவா. மனசு கேக்காது அவளுக்கு. போன வேகத்துல மச்சானைக் கூட்டிக்கிட்டு வருவா பாருங்க. ஆளு வருதான்னு பாத்துக்கிட்டே இருங்க.

மைக்குல என்னமோ சொல்றாங்க. சித்தெ இருங்க. என்ன சொன்னாங்க?

தாய்மாமன் ரத்தினசாமி.

தாய்மாமன் ரத்தினசாமி பொண்ணைக் கூட்டியார்றாரு, எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஆசீர்வாதம் பண்ணுங்கன்னு சொல்றாங்க. அப்படியா சொன்னாங்க? நெசமாவா? என்ற பேரைச் சொல்லலையா? மறந்திருப்பாங்க. பின்னால சொல்லுவாங்க. எட்டிப் பாருங்க, எட்டிப் பாத்துச் சொல்லுங்க. பொண்ணு வருதா? அவன் கையைப் புடிச்சிருக்கானா? புள்ளை எந்தப் பக்கம் பாக்குது? இந்தப் பக்கம் பாக்குதா? சொல்லுங்க, இந்த நடைப் பக்கம் ஒருக்காவாச்சும் பாத்துச்சா?

அய்யோ. பட்டங் கட்டறானுங்களா? அவனுக்குக் கட்டத் தெரியாதுங்க, அவனே சொன்னானே, எதுவுந் தெரியாதுன்னு. பின்னால முடிச்சு இறுக்கமாப் போட்டா அந்தப் புள்ளைக்குத் தலைவலி வந்துரும். மொள்ளக் கட்டோணும். நான் ஊட்டுல சுலோசனா தலையில கட்டிப் பழகி வெச்சிருக்கறேன்.

போங்க. ஓடுங்க. சாவி. மொத வரிசை, பச்சைப் பட்டு, சுலோசனா. கேட்டு வாங்கியாங்க. எதுக்குன்னு கேட்டாச் சொல்லீருங்க, கை மாட்டிக்கிச்சுன்னு. சத்தமாவே சொல்லுங்க. மைக்குல வேணும்னாலும் சொல்லுங்க, தாய்மாமன் கையை உட்டு மாட்டிக்கிட்டான்னு, சோடாப் பொட்டியிலன்னு, சிரிக்கறவன் சிரிக்கட்டும், தாலியைச் சித்தெ புடிச்சு நிறுத்தச் சொல்லுங்க, நான் வந்துர்றேன், நான் இதோ வந்துர்ற...

கெட்டிமேளம்.

இருங்க. வேண்டாம். நின்னுக்கங்க. சாவி வேண்டாங்க.

நல்லா வாசிக்கறானல்ல? திருப்பூருக் கோஷ்டி. நாந்தான் போயிப் பேசி அட்வான்சு குடுத்துட்டு வந்தேன்.

நீங்க ஏனுங்க இங்கயே நிக்கறீங்க? ஓடுங்க, அட்சதை போட வேண்டாமா? வேன் டிரைவருன்னா என்ன, மனுசன்தானே, நல்ல மனசோட போட்டா ஆரு போட்டாலும் சேரும். வாசல்ல தட்டுல வெச்சிருப்பாங்க, கை நெறைய அள்ளிக்கங்க. என்ற பேரையும் சொல்லி ரெண்டு அரிசி போட்டுருங்க. கிட்டுசாமி. மனசுக்குள்ள சொன்னாப் போதும். பொண்ணு மேல உழுகோணும், பாத்துப் போடுங்க.

அங்க ஆராச்சும் என்னைக் கேட்டா, வேலையா இருக்கறாருன்னு சொல்லுங்க.

கேக்கமாட்டாங்க. போங்க.